மணல் தரையில் வானைத் தூக்கி நிறுத்தியது

பின்பக்கத் துரு வேலை முடிந்து வான் மறுபடி நான்கு சில்லில் நிற்கிறது. வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கம்பித் தூரிகையால் சுரண்டினேன், ரெட் ஒக்சைட் அடித்தேன், காய்ந்த பிறகு தார்ப் பெயின்ட் பூசினேன், சைலன்சரைத் தாங்கும் கொழுக்கிகள் இரண்டையும் வெல்டிங் செய்து கொண்டுவந்து மாட்டினேன். காசும் யோசனையும் கூடுதலாகப் போனது அதற்கு முந்திய கட்டத்தில்தான்: ஒன்றரைத் தொன்னுக்கு மேல் பாரமுள்ள வானை எதன் மேல் நிறுத்திவிட்டு அதன் கீழே போய்ப் படுப்பது? எங்கள் பக்கம் வீட்டு வளவுக்குள் இப்படி வேலை செய்ய நினைக்கிற ஆட்களுக்குப் பயன்படும் என்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

வான் டொயோட்டா ஹையேஸ், எங்கள் ஊரில் டொல்பின் என்பது, எல்.எச். 113. வீடு மட்டக்களப்பு, கல்லடியில். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, நடுவில் மணல். இங்கே நிற்கிற வாகனம் மேலே பளபளவென்று இருக்கும்போதே கீழே உதிரத் தொடங்கிவிடும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் பழைய வான்களுக்கு ஏறிய விலையைப் பார்த்தவர்கள் யாரும் உள்ளதை விற்கத் துணியவில்லை. நானும் விற்கவில்லை. ஆகவே துருவைச் சுரண்டத்தான் வேண்டும்.

கராஜ்களில் குழி இருக்கும்; வளவிலும் ஒன்று வெட்டிக் கட்டினால் என்ன என்றுதான் முதலில் தோன்றியது. மாரிக்கு எங்கள் கிணற்றில் கயிறில்லாமல் குனிந்து வாளியால் அள்ளலாம். அந்த அளவுக்குத் தண்ணீர் மேலே வரும் இடத்தில் ஆறடிக் குழி வெட்டினால் கார்த்திகையில் அதில் மீன் வளர்க்கலாம். பெற்றோல் ஆவி காற்றைவிடக் கனமானது, குழிக்குள் இறங்கித் தேங்கிவிடும் என்பது இன்னொரு பயம். வாகனத்தை ஓட்டி ஏற்றுகிற இரும்புச் சாய்தளம் வாங்கலாம் என்றால், பின் சில்லுகளைக் கழற்றி பிரேக் ட்ரம்மையும் திறந்து பார்க்கிற எண்ணம் இருந்தது. சில்லின் மேலேயே நிற்கிற வானில் சில்லைக் கழற்ற முடியாது. மிஞ்சியது தூக்குவதற்கு ஜக்கும், தூக்கியதைத் தாங்கி நிற்க ஸ்டாண்டும்.

மனைவியின் அண்ணன் கட்டாரில் ஒரு கராஜில் பல வருடம் வேலை செய்துவிட்டு வந்தவர். ஸ்டாண்ட் எங்கே வாங்கலாம் என்று கேட்கத்தான் அவரைக் கூப்பிட்டேன். வந்தவர் வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஸ்டாண்ட் கிடக்கட்டும் மச்சான், முதல்ல அது நிக்கப்போற இடத்தைக் காட்டுங்க" என்றார். காட்டுவதற்கு மணலைத் தவிர ஒன்றும் இல்லை. சரி, பார்த்துவிடுவோம் என்று அவர் கொண்டுவந்திருந்த ஸ்டாண்ட் சோடியை நேரே மணலில் வைத்தோம். சில்லு கழற்றவில்லை, கீழே யாரும் போகவில்லை. பின் சில்லு இரண்டையும் இணைக்கிற அக்சிலைத் தூக்கி, ஸ்டாண்டின் மேல் மெதுவாக இறக்கி, அளவு நாடாவால் அளந்தோம். இடப்பக்க ஸ்டாண்டின் ஒரு கால் ஒன்றரை அங்குலம் புதைந்திருந்தது, எதிர்க்கால் முக்கால் அங்குலம். கேட்கச் சின்ன வித்தியாசம். ஆனால் அடியின் அகலம் 8 அங்குலம்தான், அக்சில் உட்காரும் உயரமோ 15 அங்குலம். கீழே முக்கால் அங்குலம் சரிந்தால் மேலே ஏறத்தாழ ஒன்றரை அங்குலம் விலகும். ஸ்டாண்ட் முழித்துக்கொண்டு சாய்ந்து நின்றது. அதே நேரம் வலப்பக்கம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஒரே வளவு, ஒரே மணல், சில அடி இடைவெளி. முன்பு அந்த இடத்தில் ஒரு வாழை நின்று வெட்டியது பிறகுதான் நினைவு வந்தது.

அடுத்ததாக ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் கீழே ஓரடிச் சதுரத்தில் 18 மில்லிமீட்டர் பிளைவுட் போட்டுப் பார்த்தோம். பலகை நடுவில் வளைந்து ஓரங்கள் மேலே கிளம்பின. பாரம் கால்களுக்கு நேர் கீழேதான் போகிறது, பலகையின் மிச்சப் பரப்பு சும்மா கிடக்கிறது. இரண்டடிச் சதுரமாக வெட்டி, இழை குறுக்கே வருமாறு இரண்டு துண்டை ஒட்டி ஆணியடித்து வைத்தபோதுதான் கதை மாறியது. கால் அங்குலம் இறங்கியது, நாலு பக்கமும் ஒரே அளவு, அதோடு நின்றுவிட்டது. ஒரு பின்னேரம் முழுக்க விட்டுப் பார்த்தும் மேலும் இறங்கவில்லை. அவசரத்துக்கு வயல் கரையிலோ கடற்கரையிலோ நிற்க நேர்ந்தால் இது போதும். நாலு துண்டு பிளைவுட்டுக்கும் கோந்துக்கும் 5,200 ரூபாய்.

ஆனாலும் ஸ்டாண்டுக்குப் பலகை போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று சொல்ல முடியவில்லை, ஜக் இருக்கிறதே. ட்ரொலி ஜக்கின் கை மேலே எழும்போது நேர்கோட்டில் எழாது, வட்டமாக எழும். அந்த வட்டத்துக்கு ஈடுகொடுக்க ஜக் தன் சிறிய இரும்புச் சக்கரங்களில் வாகனத்தின் கீழே முன்னோக்கி உருண்டு போக வேண்டும். மணலில் சக்கரம் புதைந்தால் உருளாது. உருளாவிட்டால் ஜக்கின் தலை அக்சிலில் வழுக்கும், அல்லது ஜக் முழு வானையும் தன் பக்கம் இழுக்கும். இழுபட்ட வான் மறுபக்கம் நிற்கிற ஸ்டாண்டைச் சரித்துவிடும். போத்தல் ஜக் நேரே எழும்புவதால் மணலில் பலகை வைத்துப் பயன்படுத்தலாம், ஆனால் அடி குறுகியது. எனக்கு அதன் மேல் நம்பிக்கை வரவில்லை. வாகனத்தோடு வருகிற கத்தரி ஜக் வழியில் சில்லு மாற்றத்தான். அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை.

ஆக, தரை போட வேண்டும் என்று முடிவானது.

16 அடி நீளம், 8 அடி அகலம், 4 அங்குலக் கனம். சீமெந்து, மணல், கல் 1:2:4 கலவைக்கு 8 சீமெந்துப் பை போனது. மணலை நனைத்து இடித்து இறுக்கி, சீமெந்துத் தண்ணீர் கீழே வடிந்து போகாதபடி பொலித்தீன் விரித்து, 10 மில்லிமீட்டர் கம்பியை 9 அங்குல இடைவெளியில் இரண்டு பக்கமும் கட்டினோம். மேசன் பாஸோடு ஒரே ஒரு சண்டை: தண்ணீர் வழிய வாட்டம் விடவேண்டும் என்று அவர் நின்றார், வாட்டமே வேண்டாம் என்று நான் நின்றேன். "மழைக்குத் தண்ணி தேங்கினா பாசி பிடிக்கும் தம்பி, பிறகு என்னைச் சொல்லப்படாது." பாசி பிடித்தால் தும்புத்தடியால் தேய்த்துக்கொள்ளலாம், சரிவில் தூக்கி நிறுத்திய வானை என்ன செய்வது? தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்துத்தான் போட்டோம். இப்போது மழை பெய்தால் நடுவில் ஒரு பாய் அகலத்துக்குத் தண்ணீர் நிற்கத்தான் செய்கிறது. ஒரு வாரம் சாக்கு நனைத்துப் போட்டு, 28 நாள் கழியும்வரை வானை மேலே ஏற்றவில்லை. சீமெந்து, கல், மண், கம்பி, இரண்டு பேர் கூலி என்று எல்லாமாக 65,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைய முடிந்தது. இந்த வேலையிலேயே பெரிய செலவு இதுதான்.

தரை காய்கிற இடைவெளியில் எதன் மேல் நிறுத்துவது என்ற யோசனை ஓடியது. மச்சானுக்கு இதில் சந்தேகமே இல்லை, நல்ல ஸ்டாண்ட் ஒரு சோடி வாங்கினால் முடிந்தது. எனக்கு மட்டும், ஊரில் நாலு பேர் வைக்கிற சாமான்கள் உண்மையில் என்ன செய்கின்றன என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்றிருந்தது. பாலை மரத் துண்டுகளை வானின் அடிச்சட்டமான செசிக்குக் கீழே ஒரு அங்குல இடைவெளியில் அடுக்கிவைத்தோம். எது உடைந்தாலும் வான் ஒரு அங்குலம்தான் விழும். பிறகு ஒவ்வொன்றாக அக்சிலுக்குக் கீழே வைத்து ஜக்கை இறக்கினோம். நாங்கள் நின்றது வானுக்கு முன்னால், கையெட்டாத தூரத்தில்.

வீடு கட்டி மிஞ்சிய ஆறு அங்குலக் கல், நடுவில் பொந்துள்ளது, மதிலோரம் அடுக்கிக் கிடந்தது. வாகனம் தூக்குகிற யாருக்கும் கை முதலில் போகிற சாமான் அதுதான். சுவரில் வைக்கிற மாதிரியே பொந்து மேலே பார்க்க வைத்து, மேலே ஒரு பலகைத் துண்டு போட்டு இறக்கினோம். தாங்கியது. பலகையை எடுத்துவிட்டு அக்சிலை நேரே இறக்கினோம். அதையும் தாங்கியது. அவ்வளவுதானா என்று மச்சானைப் பார்த்தேன். அவர் போய்ப் பின்கதவைத் திறந்து, வழமை போல ஓங்கிச் சாத்தினார். டக் என்று ஒரு சத்தம், வான் பாலைக் கட்டையில் உட்கார்ந்துவிட்டது. கல் இரண்டு பொந்துக்கும் நடுவிலுள்ள சுவரோடு பிளந்திருந்தது. உடைவதற்கு முன்னால் கீறலைக் காணவில்லை, தூள் கொட்டவில்லை, சத்தமும் இல்லை. உடைந்த முகத்தைக் கையிலெடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் சாம்பல் நிறமாகச் சீமெந்து பிடித்திருந்தது. உள்ளே போகப் போக மஞ்சள், பெருவிரலால் தேய்த்தால் மணலாக உதிர்ந்தது. வெளியே பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. சுவரில் பாரம் முழு முகத்திலும் பரவி இறங்கும். அக்சில் குழாயோ உருண்டை, அது கல்லைத் தொடுவது ஒரு கோட்டில்; அந்தக் கோட்டிலும் துருத்திக்கொண்டிருக்கிற இரண்டு மூன்று மேடுகளில்தான். கல்லு வளையாது, நசுங்காது. தாங்கும்வரை தாங்கி, பிறகு இல்லாமல் போய்விடும்.

தென்னங்குற்றி அடுத்தது. 14 அங்குல உயரம், நிமிர்த்தி வைத்தது. பனையும் தென்னையும் வெளியே வைரம், உள்ளே சோறு. அக்சில் நடுவில் ஏறியதும் கரும்புச் சக்கை மாதிரி நார் நாராக அமுங்கத் தொடங்கியது. அமுங்க அமுங்க முறுமுறுவென்று சத்தம். ஒரு அங்குலம் போன பிறகும் நிற்கவில்லை. தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தபோது இன்னும் இறங்கியிருந்தது. வாள் வெட்டும் மட்டமாக இல்லாததால் குற்றி ஒரு பக்கம் சாய்ந்தும் இருந்தது. இதை யாரும் நம்பக்கூடாதுதான். ஆனாலும் கல்லோடு ஒப்பிட்டால் இது சொல்லிச் சொல்லி இறங்கியது. கீழே படுத்திருக்கிறவனுக்கு அந்த முறுமுறுப்பு கேட்டிருக்கும், ஊர்ந்து வெளியே வர நேரம் கிடைத்திருக்கும். அதன் பிறகு எந்தச் சாமானைப் பார்த்தாலும் எத்தனை தொன் தாங்கும் என்பதோடு இன்னொன்றையும் கேட்கத் தொடங்கிவிட்டேன்: கைவிடும்போது சொல்லிவிட்டுக் கைவிடுமா?

பாலைக் கட்டை அதில் நல்ல பெயர் எடுத்தது. ஏறாவூர்ப் பக்கம் ஒரு மர ஆலையில் மிஞ்சிய துண்டுகளை 4 அங்குலச் சதுரம், 18 அங்குல நீளமாக அறுத்து வாங்கியது, துண்டு 650 ரூபாய், 20 துண்டு. இரண்டு துண்டை ஒரு பக்கமாக வைத்து, அதன் மேல் இரண்டைக் குறுக்கே வைத்து, இப்படி மூன்று அடுக்கு. உச்சியில் மட்டும் நாலு துண்டை நெருக்கமாகப் பரப்பினால் பாரம் எங்கே ஏறினாலும் இடைவெளிக்குள் விழாது. 16 அங்குல உயரத்துக்கு 18 அங்குல அடி இருப்பதால் அசைக்க முடியாத அடுக்கு. குறுக்கே கிடக்கிற மரம் பாரத்தில் நசுங்கித்தான் கைவிடும், முறிந்து அல்ல. வெடிப்புள்ள இரண்டு துண்டை ஆலையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். பெயின்ட் அடிக்கவில்லை, அடித்தால் வழுக்கும், வெடிப்பும் மறைந்துவிடும். இதன் குறை, உயரத்தைச் சரியாக ஒப்பேற்ற ஒரு அங்குல, அரை அங்குலப் பலகைகளோடு மல்லுக்கட்ட வேண்டும், 20 துண்டையும் சுமக்க வேண்டும். ஆகவே முதல் தாங்கு ஸ்டாண்ட், இரண்டாவது தாங்கு இந்த அடுக்கு என்று வைத்துக்கொண்டேன்.

ஸ்டாண்டில் இரண்டு சாதி. ஒன்று பல் வைத்த தண்டு, உள்ளே ஒரு நாக்கு பல்லில் விழுந்து பூட்டும். மற்றது ஓட்டை போட்ட குழாய், குறுக்கே ஊசி செருகுவது. கடைகளில் கூடுதலாக இருப்பது பல் வைத்தது, உயர்த்த இலேசு. 2020 இல் அமெரிக்காவில் 3 தொன், 6 தொன் ஸ்டாண்டுகள் பெரும் எண்ணிக்கையில் திருப்பி அழைக்கப்பட்டன. வார்ப்பு அச்சு தேய்ந்ததால் பல்லும் நாக்கும் சரியாகப் பொருந்தவில்லை, பாரம் அசைந்தால் நாக்கு நழுவலாம் என்பது காரணம். அவற்றுக்குப் பதிலாக வந்த ஸ்டாண்டுகளில் ஒரு பகுதியும் வெல்டிங் குறைக்காக அதே வருடம் திருப்பி அழைக்கப்பட்டது. அதற்காகப் பல் வைத்தது எல்லாம் கூடாது என்று நான் சொல்லமாட்டேன், மச்சான் வைத்திருப்பது அதுதான். எனக்குத் தடையாக இருந்தது உப்புக் காற்று. நாக்கும் அதன் ஸ்பிரிங்கும் உடம்புக்குள் மறைந்து கிடக்கும். ஒரு வருடம் கழித்து உள்ளே துரு எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. ஊசி கையில் இருக்கிறது. எடுத்துப் பார்க்கலாம், துடைக்கலாம், கிரீஸ் பூசலாம், நாடாவால் அளக்கலாம். பதிலுக்கு உயரத்தை ஒரு ஓட்டைக்கும் அடுத்த ஓட்டைக்கும் நடுவில் நிறுத்த முடியாது. அந்த நட்டத்தை நான் ஏற்றுக்கொண்டேன்.

கடையில் 3 தொன் என்று போட்ட இரண்டு வகைப் பெட்டிகள் இருந்தன. ஒன்றில் சின்ன எழுத்தில், சோடிக்கு என்று. அதாவது ஒன்றுக்கு ஒன்றரைத் தொன். என் வானின் பின்பக்கம் ஒரு ஸ்டாண்டில் அரைத் தொன்கூட ஏறாது, ஆகவே கணக்குக்கு எதுவும் போதும்தான். 2 தொன் ஸ்டாண்டை விட்டதற்குக் காரணம் வேறு: அடி குறுகல், உயரமும் எட்டாது. பின் அக்சில் குழாயின் அடிப்பக்கம் சில்லில் நிற்கும்போதே தரையிலிருந்து 11 அங்குலம். சில்லு கிளம்பி, நான் கீழே போய்க் கையை மடக்கி வேலை செய்ய 15 அங்குலமாவது வேண்டும்.

கடையின் தரை டைல்ஸ். ஸ்டாண்டை அதில் வைத்துத் தலையில் கையை ஊன்றினால் நாலு காலும் தொடுகிறதா என்று தெரிந்துவிடும். முதலில் எடுத்ததில் ஒரு கால் தொடவில்லை; கடைச் சிட்டையை மடித்துச் செருகினால் உள்ளே போனது. அடுத்த சோடியில் கால் சரி, ஆனால் தண்டு குழாய்க்குள் விரல் கனத்துக்கு ஆடியது. மூன்றாவது பெட்டியில் காலும் சரி, தண்டும் சரி, வெல்டிங் ஒரு பக்கம் சீராகவும் மறுபக்கம் பொட்டுப் பொட்டாகவும் இருந்தது. முதலாளி முகம் மாறத் தொடங்கிவிட்டது. "நல்லதாப் பார்த்து ஒண்டைத் தாங்க முதலாளி, இதுக்குக் கீழ நான்தான் படுக்கப்போறன்" என்றதும் சிரித்துவிட்டு உள்ளேயிருந்து இன்னொரு பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். ஊசி 16 மில்லிமீட்டர், சங்கிலியில் கோர்த்தது, முனையில் கழன்று வராமல் பூட்ட ஒரு கிளிப். தலை கிண்ணமாக வளைந்திருந்ததால் அக்சில் குழாய் உட்கார இடமுண்டு. 14,500 ரூபாய்.

பக்கத்துத் தெருவில் வெல்டிங் கடை வைத்திருப்பவர் ஜீஐ குழாயில் 6,000 ரூபாய்க்கு அடித்துத் தருகிறேன் என்றார். நாகப் பூச்சை நன்றாக உரசி எடுக்காமல் ஒட்டினால் வெல்டிங்குக்குள் குமிழி விழும், மேலே தெரியாது. கேட்டுக்கு, கூரைக்குச் சரி. இதற்கு வேண்டாம் என்றுவிட்டேன்.

ஜக் மச்சானின் 3 தொன் ட்ரொலி ஜக். புதிதாய் வாங்கினால் முப்பதாயிரத்துக்கு மேல் போகும். நல்ல ஜக், கசிவும் இல்லை. ஆனாலும் ஸ்டாண்ட் வைக்காமல் ஜக்கில் மட்டும் வானை நிறுத்தி, பாலைக் கட்டையைக் காவலுக்கு வைத்து, பம்பரின் உயரத்தை மதியம் அளந்தேன். மாலையில் 9 மில்லிமீட்டர் குறைந்திருந்தது. கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் தெரியாத இறக்கம். உள்ளே எண்ணெயை அடைத்து வைத்திருப்பது ஒரு இரப்பர் வளையம், அது கிழிந்தால் 9 மில்லிமீட்டரோடு நிற்காது. ஜக் தூக்குவதற்கு மட்டும் என்று மச்சான் திரும்பத் திரும்பச் சொல்வதன் அர்த்தம் அந்த அளவு நாடாவில் இருந்தது.

பிறகு வேலை நாள். வரிசையில் எனக்குப் புதிதாக இருந்தது கைபிரேக் விஷயம். டொல்பினில் கைபிரேக் பிடிப்பது பின் சில்லுகளை. பின்பக்கத்தைத் தூக்கிய உடனே கைபிரேக்கும் கியரும் அந்தரத்தில் சுற்றுகிற சில்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். வானைப் பிடிக்க எதுவுமில்லை. ஒரு பின் சில்லு மட்டும் தரையில் இருந்தாலும் கியரை நம்ப முடியாது, அக்சிலின் நடுவிலுள்ள டிஃபரென்ஷல் மறு சில்லைச் சுற்றவிட்டு இதை உருளவிடும். ஆகவே முன் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை. ஆறு அங்குல உயரத்தில் பாலைத் துண்டைச் சாய்வாக அறுத்தேன். கொங்கிரீட்டில் மணல் கிடந்தால் கட்டையே சறுக்குகிறது என்று முதல் தள்ளலில் தெரிந்ததால், அடியில் பழைய டயர் இரப்பரை ஆணியடித்தேன். தூக்குவதற்கு முன் தரையைக் கூட்டுவது இப்போது பழக்கமாகிவிட்டது.

சில்லு நட்டுகளை வான் தரையில் நிற்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்தி, டிஃபரென்ஷலின் அடியில் ஜக்கை வைத்துத் தூக்கி, ஸ்டாண்ட் இரண்டையும் ஸ்பிரிங் பட்டைக்கு உட்பக்கம் அக்சிலின் கீழே, ஓட்டை எண்ணி ஒரே உயரத்தில் வைத்து இறக்கினேன். பிரேக் எண்ணெய்க் குழாய் அக்சிலோடு ஓடுகிறது, கிண்ணம் அதை நசுக்காத இடமாகப் பார்க்க வேண்டும். செசியில் வைக்க நினைத்த இடத்தை முதலே சுத்தியலால் தட்டிப் பார்த்திருந்தேன். நல்ல இரும்பு கணீரென்று சொல்லும். ஓரிடத்தில் சத்தம் மந்தமாக வந்தது. ஸ்குரூ டிரைவரால் குத்தினேன், உள்ளே போய்விட்டது. அந்த இடத்தில் தாங்கு வைத்திருந்தால் ஸ்டாண்ட் எத்தனை தொன்னாக இருந்தும் பயனில்லை.

இறக்கிய பிறகு ஜக்கை எடுக்கவில்லை. அக்சிலைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி விட்டு, செசியின் கீழே பாலை அடுக்குகளை அரை அங்குல இடைவெளியில் வைத்து, கழற்றிய சில்லுகளையும் பக்கவாட்டில் கீழே தள்ளினேன். அதன் பிறகு இரண்டு பேருமாகப் பம்பரைப் பிடித்து வானைப் பக்கவாட்டில் நன்றாக ஆட்டினோம். விழுகிறதென்றால் அப்போதே விழட்டும். முதல் தடவை இடப்பக்க ஸ்டாண்டின் ஒரு கால் இலேசாகத் தூக்கித் தூக்கி வைத்தது. இறக்கி, அதன் கீழே கிடந்த பருத்த மண்கல்லைத் தட்டிவிட்டு மறுபடி நிறுத்தியதும் அசையவில்லை.

கீழே வேலை செய்யும்போது ஒன்று கவனித்தேன். சைலன்சர் கொழுக்கியின் பொல்ட் துருப்பிடித்து இறுகிப்போய், ஸ்பேனருக்கு இரண்டடிக் குழாய் போட்டு இழுத்தால் வான் முழுக்க அதிர்ந்தது. கதவைச் சாத்தியதில் கல் பிளந்தது நினைவுக்கு வர, வெளியே வந்து, சில்லை மாட்டி, வானைத் தரையில் இறக்கிவிட்டு, சாய்ந்து கையை விட்டு அந்தப் பொல்ட்டை உடைத்தேன். அரை நாள் வீண். இனி இறுகிய நட்டுகளுக்கெல்லாம் முதல் நாளே எண்ணெய் விட்டு, தூக்குவதற்கு முன்னாலேயே தளர்த்திப் பார்ப்பேன். முதுகுக்குக் கீழே பழைய பெனர் ஒன்றை விரித்திருந்தேன், வழுக்கிக்கொண்டு வெளியே வர வசதி. கண்ணுக்குப் போடுகிற பாதுகாப்புக் கண்ணாடி 450 ரூபாய். இல்லாமல் துரு சுரண்டப் போகவே கூடாது. மச்சான் இல்லாத நேரம் மாமி படியில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டு, சத்தம் நின்றால் "மனே, இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தா. யாராவது ஒருவர் வெளியே இருக்க வேண்டும் என்று சொன்னது நான்தான், ஆகவே ஒவ்வொரு தடவையும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

கச்சான் காற்று வீசுகிற நாட்களில் டொல்பினின் உயர்ந்த பக்கவாட்டில் காற்று அறைவது கீழே இருந்தால் நன்றாகத் தெரிகிறது. இன்னொரு தடவை தரை போட்டால் வானின் முகம் காற்றைப் பார்க்கிற மாதிரி திசை வைப்பேன். அகலம் 10 அடி வேண்டும். 8 அடியில் வான் நின்ற பிறகு இரு பக்கமும் ஒன்றேகால் அடிதான் மிச்சம், பக்கத்திலிருந்து தூக்க நினைத்தால் ஜக் பாதி மணலில் நிற்கிறது. பிளைவுட்டை முதலில் வாங்கியது வீண் என்று நினைத்தேன், இப்போது அது வானுக்குள்ளேயே கிடக்கிறது, பாசிக்குடா போகிற வழியில் சில்லு மாற்ற ஒரு தடவை உதவியும்விட்டது.

முன்பக்கம் இன்னும் இருக்கிறது. எஞ்சின் முன் இருக்கைக்குக் கீழே என்பதால் பாரம் அங்கேதான் கூட. பின் சில்லுகள் தரையில் இருப்பதால் கைபிரேக் பிடிக்கும், அது ஒரு நிம்மதி. கட்டை எப்படியும் வைக்கத்தான் வேண்டும். முன்னால் தாங்கு வைக்க வேண்டிய செசி தட்டையானது, என் ஸ்டாண்டின் கிண்ணத் தலையில் அதன் இரண்டு விளிம்பு மட்டும்தான் தொடும். கிண்ணத்துக்குள் இறுக உட்கார்ந்து மேலே தட்டையாக இருக்கும்படி பாலையில் இரண்டு துண்டு அறுத்துத் தரச் சொல்லி ஆலையில் கொடுத்திருக்கிறேன், நடுவில் இரண்டு அங்குலக் கனம். மாரி தொடங்க முன் வந்தால் முன்பக்கத்தையும் முடித்துவிடலாம்.